பக்கத்து வீட்டுக்காரி துப்பறியும்போது

அந்தப் பெண் கைப்பை எடுத்துவரவில்லை. அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் த விகரேஜ்' (1930) நாவலில் கர்னல் புரோத்தரோ என்பவர் பாதிரியாரின் படிப்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அன்று மாலை பாதிரியார் வீட்டுச் சந்து வழியாக யார் யார் போனார்கள் என்பது பக்கத்து வீட்டு மிஸ் மார்ப்பிளுக்குத் தெரியும். செடி நடுவதாகவும் பறவை பார்ப்பதாகவும் சொல்லிக்கொண்டு தோட்டத்திலேயே இருப்பவர் அவர். அந்தப் பக்கம் போன ஒரு பெண்ணிடம் துப்பாக்கி இருந்திருக்க வழியே இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். உடம்போடு ஒட்டிய உடை, கையில் பையும் இல்லை, துப்பாக்கியை எங்கே ஒளிப்பது? போலீஸ் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. கடைசியில் அதே செய்தியை அவர் மறுபக்கம் திருப்பிப் பார்க்கிறார். வெளியே கிளம்பும் பெண் எவளாவது கைப்பை இல்லாமல் கிளம்புவாளா? இன்னும் படிக்காதவர்களுக்காக அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உற்சாகம் குறைவதில்லை. கைப்பை இல்லாத விஷயம் போலீசுக்கும் தெரியும். வாக்குமூலத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு பெண் சாயங்காலம் எப்படிக் கிளம்புவாள், எதை மறப்பாள், எதை மறக்கவே மாட்டாள் என்பது அங்கேயே குடியிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். செயின்ட் மேரி மீட் என்ற அந்தக் கற்பனை ஊரில் ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, மீன் கடை, பெரிய வீடு ஒன்றிரண்டு, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், கல்யாணமாகாத முதிய பெண்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஊர்களில் நூற்றுக்கணக்கான கொலைகள் காகிதத்தில் நடந்தன. அவற்றைத் துலக்கியவர்களில் பாதிப்பேர் சம்பளம் வாங்காதவர்கள், சீருடை போடாதவர்கள். அவர்களை ஏன் நமக்கு இவ்வளவு பிடிக்கிறது?

கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் இதைப் பற்றி 1948இல் 'தி கில்டி விகரேஜ்' என்றொரு கட்டுரை எழுதினார். துப்பறியும் கதைகளுக்கு அடிமைப்பட்டவன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டவர் அவர். அந்த ஊர் ஏதேன் தோட்டம் போல மாசில்லாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் பிணம் அங்கே அத்தனை பொருந்தாமல் கிடக்கும் என்கிறார். கொலையால் ஊர் முழுவதும் குற்றத்தின் நிழல் விழுகிறது. துப்பறிபவர் வந்து அந்த நிழலை ஒரே ஒருவர் மேல் ஒதுக்கி மற்றவர்களை மீட்கிறார். இதுவரை அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் துப்பறிபவர் ஊருக்கு முற்றிலும் அந்நியராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைக்கிறார். உள்ளூர்ப் போலீஸ் கூடாது, சந்தேகத்துக்கு உரியவர்களில் ஒருவருக்கு நண்பராக இருப்பவரும் கூடாது. அவர் முழு மதிப்பெண் கொடுக்கும் மூவர் ஷெர்லக் ஹோம்ஸ், இன்ஸ்பெக்டர் ஃபிரெஞ்ச், ஃபாதர் பிரவுன். மிஸ் மார்ப்பிள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆடன் பெரிய மனம் படைத்த வாசகர். ஆனாலும் இந்த இடத்தில் அவர் தவறிவிட்டார் என்றே நினைக்கிறேன். அந்நியருக்கு அந்தக் கொலை ஒரு புதிர். ஊர்க்காரருக்கோ, அவிழாமல் போனால் இனி யாரோடும் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியாத நிலை. துப்பறிவதற்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்க முடியாது.

அவிழாத கொலை என்ன செய்யும் என்பதற்கு நிஜமான ஒரு வழக்கு உண்டு. 1860 ஜூன் 29 இரவில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் எல்லையில் ரோட் என்ற சிற்றூரின் பெரிய வீடொன்றில் நான்கு வயது நிரம்பாத சாவில் கென்ட் என்ற பையன் தொட்டிலிலிருந்து காணாமல் போனான். கழுத்தறுபட்ட உடல் வீட்டுக்கு வெளியே கழிவறைக் குழியில் கிடைத்தது. வீடு உள்ளிருந்து பூட்டப்பட்டிருந்ததால் செய்தவர் வீட்டுக்குள் இருக்கும் யாரோ. இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விச்சர் வந்தார். 1842இல் எட்டே பேரோடு தொடங்கப்பட்ட துப்பறியும் பிரிவின் முதல் ஆட்களில் ஒருவர் அவர். வெளுக்கப் போட்ட துணிக் கணக்கில் ஒரு இரவு அங்கி குறைவதைப் பிடித்துக்கொண்டு, தகப்பனின் முதல் மனைவிக்குப் பிறந்த, பையனின் அக்காவான 16 வயது கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். நாடே அவர் மேல் பாய்ந்தது. சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு போலீஸ்காரர் கனவானின் வீட்டுக்குள் நுழைந்து அவர் மகளின் உள்ளாடையைத் தேடுவதா? வழக்கு நிற்கவில்லை. கான்ஸ்டன்ஸ் விடுவிக்கப்பட்டாள். மனம் உடைந்த விச்சர் 1864இல் வேலையை விட்டார். 1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. 20 ஆண்டு சிறையிருந்து 1885இல் வெளியே வந்து, ஆஸ்திரேலியா போய் செவிலியாக வேலை பார்த்து, 1944இல் 100 வயதில் இறந்தாள்.

இந்த வழக்கில் என் மனம் போய் நிற்பது நடுவிலே கிடக்கும் அந்த ஐந்து ஆண்டுகளில்தான். பையனைப் பார்த்துக்கொண்ட தாதி எலிசபெத் காஃப் கைது செய்யப்பட்டு விடுவிக்கப்பட்டாள். குழந்தையின் தகப்பனுக்கும் அவளுக்கும் தொடர்பு இருந்தது, பையன் அதைப் பார்த்துவிட்டான், அதனால் இருவரும் சேர்ந்து கொன்றார்கள் என்று ஊரும் பத்திரிகையும் பேசின. ஒரு துளி ஆதாரம் இல்லாமல் தகப்பன் கொலைகாரனாக நடமாடினான். நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் தங்கள் விடையை எழுதிக் காவல் துறைக்கு அனுப்பினார்கள். தொழில்முறை சாராத துப்பறிவு என்றால் முதலில் அதுதான்: தூரத்திலிருந்து, முகம் தெரியாமல், விலை கொடுக்காமல். சட்டம் கான்ஸ்டன்ஸைத் தண்டிக்கத் தவறியதைவிட, தாதியையும் தகப்பனையும் சந்தேகத்திலிருந்து விடுவிக்கத் தவறியது பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. காணாமல் போன அங்கியை வில்கி காலின்ஸ் எடுத்து, சாயம் பட்ட அங்கியாக மாற்றி, 'தி மூன்ஸ்டோன்' (1868) நாவலில் வைத்தார். பூட்டிய வீடும், உள்ளேயே இருக்கும் குற்றவாளியும், வெளியிலிருந்து வரும் போலீஸ்காரர் மேல் வெறுப்பும் ஆங்கிலத் துப்பறியும் நாவலின் அடித்தளமாயின. யார் கண்ணிலும் உறுத்தாமல் அந்த வீட்டின் வரவேற்பறையில் உட்காரக்கூடிய ஒரு ஆளுக்கு அங்கே அப்போதே தேவை எழுந்துவிட்டது.

கிறிஸ்டி இதை முழுக்க உணர்ந்தவர். 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' (1932) தொகுப்பில் 'தி ஃபோர் சஸ்பெக்ட்ஸ்' என்று ஒரு கதை. ரகசியக் கும்பல் ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிட்டு உயிருக்குப் பயந்து இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ஒளிந்து வாழும் ஜெர்மானியர் டாக்டர் ரோசன் மாடிப்படியிலிருந்து விழுந்து இறக்கிறார். யாரோ தள்ளியிருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் அண்ணன் மகள், பல காலமாகக் கூடவே இருக்கும் வேலைக்காரக் கிழவி, காரியதரிசி, தோட்டக்காரர். நால்வரில் யாராலும் தான் அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததை நிரூபிக்க முடியவில்லை. கதையைச் சொல்லும் ஓய்வுபெற்ற போலீஸ் உயரதிகாரி சர் ஹென்றி கிளித்தரிங்குக்குக் குற்றவாளியைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். மற்ற மூவரும் சாகும்வரை சந்தேகத்தோடு வாழ வேண்டுமே என்பதே அவரை அரிக்கிறது. வாழ்நாளெல்லாம் உழைத்த கிழவியை இனி யார் வேலைக்கு வைப்பார்கள்? பின்னாளில் 'ஆர்டீல் பை இன்னசன்ஸ்' (1958) என்ற முழு நாவலையும் இதே கவலை மேல் கிறிஸ்டி கட்டினார். இந்தக் கதையில் விடை கிடைப்பதோ பூச்செடிகளின் பெயர்களை வைத்து. தோட்டம் வைத்திருக்கும் மிஸ் மார்ப்பிளுக்கு அது அத்துப்படி.

அவர் முதன்முதலில் அச்சில் வந்தது 1927 டிசம்பரில், 'தி டியூஸ்டே நைட் கிளப்' என்ற சிறுகதையில். அவருடைய வீட்டிலேயே கூட்டம். உடன்பிறந்தவரின் மகனும் நாவலாசிரியனுமான ரேமண்ட் வெஸ்ட், ஒரு ஓவியப் பெண், சர் ஹென்றி, ஒரு முதிய பாதிரியார், ஒரு வழக்கறிஞர். துலங்காத மர்மங்களை ஆளுக்கொன்றாகச் சொல்வது என்று தீர்மானிக்கிறார்கள். மனித மனத்தை அறிந்தவர் எழுத்தாளரா, சட்டம் படித்தவரா, ஆத்மாக்களைக் கரையேற்றுபவரா என்று பேச்சு போகிறது. மூலையில் கிழவி கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கையில் அவரை யாரும் சேர்க்கவில்லை. தனக்குத் தெரிந்த மர்மம் என்று அவர் சொல்வது, ஒரு பெண்மணி கடையில் வாங்கிய இரண்டு அளவு உரித்த இறால் வழியில் காணாமல் போன கதை. ரேமண்டுக்குச் சிரிப்பு வருகிறது.

பிறகு சர் ஹென்றி தன் வழக்கைச் சொல்கிறார். ஜோன்ஸ் என்ற வியாபாரியின் மனைவி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆர்செனிக் நஞ்சால் இறந்துவிட்டாள். மேசையில் டின்னில் அடைத்த சிங்கி இறால், சாலட், டிரைஃபிள் என்ற இனிப்பு. கணவன் எழுதிய கடிதத்தின் மை, ஒற்றுத்தாளில் பதிந்திருந்தது. மனைவி இறந்தபின் என்பது போன்ற சொற்களோடு நூறுகள், ஆயிரங்கள் என்பதும் அதில் தெரிந்தது. அறையில் இருக்கும் படித்தவர்கள் எல்லாருக்கும் பணம் ஞாபகம் வருகிறது, மனைவியின் சொத்து ஞாபகம் வருகிறது. மிஸ் மார்ப்பிளுக்கு மட்டும் டிரைஃபிளின் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகள் ஞாபகம் வருகின்றன. ஆங்கிலேயச் சமையலறையில் அந்த மணிகளுக்கு 'நூறுகள், ஆயிரங்கள்' என்பதுதான் பெயர். சாப்பாட்டு மேசைக்கு வந்ததைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது தோன்றவில்லை. கடையில் அதை வாங்கி, டப்பாவில் போட்டு, விருந்தன்று எடுத்துத் தூவிய கைக்குத் தோன்றியது. கொலையின் வழி அந்த மணிகளுக்குள்தான் இருந்தது. அந்த அறையின் ஆண்கள் வாழ்நாள் முழுவதும் தங்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட தட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று கிறிஸ்டி சொல்லாமல் சொல்கிறார். எனக்கு அவர் எழுத்திலேயே மிகப் பிடித்த கதை இது. இருபது பக்கத்துக்குள் ஒரு பெண்ணின் அறிவுக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கல்யாணமாகாத பெண் என்றால் கேலிப்பொருள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர் அதிகம் என்று தெரிந்தபோது, இந்த 'உபரி'ப் பெண்களை என்ன செய்வது என்று பத்திரிகைகள் வெட்கமில்லாமல் விவாதித்தன. டாரதி எல். சேயர்ஸ் 'அன்னேச்சுரல் டெத்' (1927) நாவலில் இதற்குப் பதில் சொன்னார். அவருடைய துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்ஸி, மிஸ் கிளிம்சன் என்ற முதிர்கன்னிக்குச் சம்பளம் கொடுத்து ஒரு சிற்றூருக்கு அனுப்புகிறார். போலீஸ்காரர் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் ஊர், பின்னல் ஊசியோடு வரும் பெண்மணி கேட்டால் மணிக்கணக்காகப் பேசும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கிறிஸ்டியிடமும் இந்த விதை முன்பே விழுந்திருந்தது. 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' (1926) நாவலில் டாக்டரின் அக்கா கரோலின் வீட்டைவிட்டு நகராமலே ஊர்ச் செய்தி அத்தனையும் சேகரிப்பவர். அந்த நாவல் 1928இல் 'அலிபை' என்று நாடகமானபோது கரோலினைத் தூக்கிவிட்டு அழகான இளம்பெண் ஒருத்தியைப் போட்டார்கள். கிறிஸ்டிக்கு அது பொறுக்கவில்லை. கரோலினை எழுதியதில் கிடைத்த மகிழ்ச்சியிலிருந்துதான் மிஸ் மார்ப்பிள் பிறந்திருக்க வேண்டும் என்று தன்வரலாற்றில் சொல்கிறார். எல்லாரிடமும் மோசமானதையே எதிர்பார்த்து, பெரும்பாலும் அது சரியாகவும் போகும் தன் பாட்டியின் சாயலையும் சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு சங்கடத்தைத் தாண்டிப் போக முடியாது. மிஸ் மார்ப்பிள் செய்வது வம்பு. ஜன்னல் வழியாகப் பார்ப்பது, யார் வீட்டுக்கு யார் போனார்கள் என்று நேரம் குறித்துக்கொள்வது, வேலைக்காரப் பெண்களின் வாயைக் கிளறுவது எல்லாம் வம்பே. முதல் நாவலில் பாதிரியாரின் இளம் மனைவி கிரிசெல்டா அவரை ஊரிலேயே மோசமான கிழவி என்று திட்டுகிறார். அது காரணமில்லாத கோபம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு கண்ணுக்குக் கீழே வாழ்வது லேசான காரியமா?

கிறிஸ்டி இதற்கு நேராக முகம் கொடுத்த நாவல் 'தி மூவிங் ஃபிங்கர்'. இரண்டாம் உலகப் போரின் நடுவே வெளிவந்தது. லிம்ஸ்டாக் என்ற அமைதியான சிற்றூருக்கு, விமான விபத்தில் அடிபட்டு உடம்பு தேறுவதற்காக ஜெர்ரி பர்ட்டன் என்ற இளைஞன் தங்கை ஜோவன்னாவோடு வருகிறான். வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது. அச்செழுத்துகளை வெட்டி ஒட்டிய கடிதம். ஜோவன்னா அவன் தங்கையே அல்ல என்கிறது. ஊரில் பலருக்கும் இதே மாதிரி கடிதங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. சாவும் விழுகிறது. பாதிரியாரின் மனைவி மிஸஸ் டேன் கால்த்ராப்தான் மிஸ் மார்ப்பிளை வரவழைக்கிறார். கதை முக்கால்வாசி முடிந்தபிறகே அவர் உள்ளே வருகிறார். அதற்கு முன்பே இந்தப் பாதிரியார் மனைவி ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுகிறார். ஊரில் உண்மையாகவே எத்தனையோ அசிங்கங்கள் உண்டு, கள்ள உறவுகள் உண்டு, தனக்கே தெரிந்தவை பல. கடிதம் எழுதுகிறவருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லையே, ஏன்? எழுதியிருப்பதெல்லாம் பொய்.

நாவலின் பெரிய துப்பு இதுதான். வம்பைப் பற்றி நான் படித்தவற்றில் மிக நுட்பமான கவனிப்பும் இதுதான். ஊரை உண்மையாகவே அறிந்தவருக்கு மொட்டைக் கடிதம் எழுதத் தோன்றாது. தோன்றினாலும் அந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். வம்பு பேசுகிறவர் தெரிந்தது போதும் என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். மிஸ் மார்ப்பிள் அங்கிருந்து மேலும் இரண்டு அடி போகிறார்: வேறு எப்படி இருக்கலாம், யார் மேல் வீண்பழி விழுகிறது என்று பார்க்கிறார். தான் சொன்னதற்குத் தன் பெயரில் பொறுப்பும் ஏற்கிறார். இரண்டும் ஒரே கண்தான் என்றாலும் இந்த இரண்டடி தூரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஃபாதர் பிரவுனை ஆடன் பட்டியலில் சேர்த்தது அந்நியர் என்பதால். ஜி. கே. செஸ்டர்டன் 1911இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் 'தி ஹேமர் ஆஃப் காட்' என்ற கதையைப் படித்தால் அவரும் அப்படி ஒன்றும் அந்நியர் இல்லை என்று தெரியும். போஹன் பீக்கன் என்ற மலைக்கிராமத்தில் ஒழுக்கம் கெட்ட கர்னல் ஒருவன் சின்னஞ்சிறு சுத்தியலால் மண்டை பிளந்து இறந்து கிடக்கிறான். கொல்லன் மேல் சந்தேகம், கொல்லனின் மனைவி மேல் சந்தேகம். கர்னலின் தம்பியான பக்திமிக்க உதவிப் பாதிரியார் மட்டும், ஊரில் திரியும் புத்தி சுவாதீனம் இல்லாத பையன்தான் செய்திருக்க வேண்டும் என்கிறார். குட்டையான கத்தோலிக்கப் பாதிரியார் பிரவுன் அதைக் கேட்கிறார். பைத்தியக்காரனைத் தூக்கில் போட மாட்டார்கள் என்று தெரிந்தே, மற்ற அப்பாவிகளைக் காப்பாற்ற இந்த மனிதர் பழியை அங்கே நகர்த்துகிறார் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. உயரமான கோபுரத்தில் ஏறி ஜெபம் செய்யும் பழக்கம் உள்ளவருக்குக் கீழே நடமாடும் மனிதர்கள் பூச்சிகளாகத் தெரிந்துவிடும் ஆபத்தைப் பற்றி, அந்தக் கோபுரத்திலேயே நின்றுகொண்டு பிரவுன் பேசுகிறார். போலீசிடம் போகவில்லை. முடிவை அந்த மனிதரிடமே விடுகிறார். அவர் இறங்கிப்போய்த் தானே சரணடைகிறார். தானும் அதே பாவத்துக்கு ஆளாகக்கூடியவன் என்ற அறிவோடு பக்கத்தில் நிற்பவரை அந்நியர் என்று எப்படிச் சொல்வது?

போர் முடிந்தபின் அந்த ஊரே கரைய ஆரம்பித்தது. 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' (1950) அந்தக் கரைதலின் நாவல். சிப்பிங் கிளெகார்ன் என்ற ஊரின் உள்ளூர்ப் பத்திரிகையில், வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு இன்ன வீட்டில் கொலை நடக்கும், நண்பர்கள் வரவும் என்று விளம்பரம் வருகிறது. ஊரே ஏதோ விளையாட்டு என்று கிளம்பிப் போகிறது. உணவுக்கும் எரிபொருளுக்கும் பங்கீடு இருந்த காலம். வந்தவர்கள் ஒவ்வொருவராக, ஓ, சூடாக்கி போட்டுவிட்டீர்களா என்று கேட்பதைக் கிறிஸ்டி பதிவு செய்கிறார். யார் எப்போது எந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கக்கூடும் என்று விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் கிராடக்குக்கு ஒரு விசித்திரம் தெரியவருகிறது. கதவுகளை யாரும் பூட்டுவதில்லை. வியாழக்கிழமை ஒரு பண்ணையில் வெண்ணெய் எடுக்கும் நாள். சட்டத்துக்குப் புறம்பாக அதில் கொஞ்சம் இங்கே வரும், இங்கிருந்து வேறு ஏதாவது அங்கே போகும். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து வைத்துவிட்டுப் போவார். இன்ஸ்பெக்டர் தெரியாதது போல் இருந்துவிடுகிறார்.

அதே நாவலில்தான் மிஸ் மார்ப்பிள் அவரிடம் தன் காலத்தின் பயத்தைச் சொல்கிறார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஊரில் யார் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். புதிதாக யாராவது வந்தாலும் தெரிந்தவர் ஒருவரின் அறிமுகத்தோடுதான் வருவார்கள். இப்போது இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் எங்கெங்கிருந்தோ வந்து வீடு பிடித்துக் குடியேறுகிறார்கள். தங்களைப் பற்றி அவர்கள் சொல்வதே நமக்குத் தெரிந்தது. 1939இல் கொண்டுவந்த தேசிய அடையாள அட்டை 1952 வரை எல்லாரிடமும் இருந்தது, ஆனால் புகைப்படமோ கைரேகையோ அதில் கிடையாது. சாம்ராஜ்யம் சுருங்கி அதன் ஆட்கள் தாயகத்துக்குத் திரும்பிய வரலாற்றை இப்படி ஒரு கிழவியின் கவலைக்குள் அடக்கியதை நான் வியக்கிறேன். பெயர் மாற்றிக்கொண்டவர் அந்த ஊரில் ஒருவர் மட்டும் இல்லை. ஊர் அறிந்த அறிவு செல்லாக்காசாகும்போது துப்பறியும் கிழவி என்ன செய்வார் என்ற கேள்வி, 12 வருடம் கழித்து 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' (1962) நாவலில் மறுபடி வருகிறது. செயின்ட் மேரி மீடின் வயலில் புதுக் குடியிருப்பு முளைத்துவிட்டது. சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. டாக்டர் தோட்ட வேலை கூடாது என்கிறார். கூட இருக்கும் துணைப்பெண் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். அவளை ஏதோ வாங்கிவர அனுப்பிவிட்டு, மிஸ் மார்ப்பிள் தனியாகப் புதுக் குடியிருப்பைப் பார்க்க நடக்கிறார். போகிற வழியில் தடுக்கி விழுகிறார். ஓடிவந்து தூக்கி, வீட்டுக்குள் அழைத்துப் போய்த் தேநீர் கொடுக்கும் பெண்தான் அந்த நாவலில் கொலையாகப் போகிறாள். அந்த ஒரு கோப்பைத் தேநீர் நேரத்தில் அவளுடைய சுபாவம் மிஸ் மார்ப்பிளுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

தமிழில் இப்படி ஒரு திண்ணைக் கிழவி துப்பறிந்த மரபு வேர் பிடிக்கவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் தொழில்முறைத் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். எழுத்தாளர்களின் கற்பனைக் குறைவு இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம் கிராமத்தில் ஒரு கொலை விழுந்தால், செய்தது யார் என்பது பெரும்பாலும் விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். கோர்ட்டுக்கு வந்து அதைச் சொல்லத்தான் ஆள் இருக்காது. சொல்கிற கிழவியும் யாருக்கோ பங்காளி, ஏதோ ஒரு சாதி, யாருடைய வயலிலோ கூலி வேலை செய்பவள். அந்த நிலையில் நின்று பார்க்கும்போது ஆங்கிலக் கதையின் அடியில் கிடக்கும் ஒரு நம்பிக்கை தெளிவாகத் தெரிகிறது: உண்மை வெளியே வந்தால் எல்லாரும் அதை ஏற்றுக்கொள்வார்கள், சொன்னவரின் வீட்டுக் கூரை அன்றிரவு எரியாது. அந்த நம்பிக்கையை ஏக்கத்தோடுதான் படிக்கிறேன்.

மிஸ் மார்ப்பிளுக்கும் அது எப்போதும் கைகொடுப்பதில்லை. 'எ கிறிஸ்மஸ் டிராஜடி' என்ற கதையில், சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் விடுதியில் சாண்டர்ஸ் தம்பதியைப் பார்த்த கணத்திலேயே இந்த மனிதன் மனைவியைக் கொல்லப் போகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? அவளைக் காப்பாற்ற முயல்கிறார், முடியவில்லை. பிறகு அவனைப் பிடித்துக்கொடுக்கிறார், அவன் தூக்கில் தொங்குகிறான், அதற்காகத் தான் ஒருபோதும் வருந்தியதில்லை என்கிறார். மென்மையான பாட்டி என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இந்த இடத்தில் அதிர்ந்து போவார்கள். 1944இல் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் ஆங்கிலேயப் புதிர்க் கதைகளைத் தாக்கி, கொலையை நிஜமாகக் கொலை செய்கிறவர்களிடமே திருப்பிக்கொடுக்க வேண்டும் என்ற வகையில் எழுதினார். இந்தக் கதையில் வரும் கோபத்தை அவர் கவனித்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்.

அந்தக் கோபம் முழுதாக வெளிப்படுவது 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' (1953) நாவலில். பணக்காரர் ரெக்ஸ் ஃபோர்டெஸ்க்யூ விஷத்தால் இறக்கிறார், சட்டைப் பையில் தானியம். அவருடைய இளம் மனைவியும் இறக்கிறாள். அதே நாளில் வேலைக்காரப் பெண் கிளாடிஸ், காயப்போட்ட துணி எடுக்கப்போன இடத்தில் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள். அவள் மூக்கில் துணி மாட்டும் கிளிப் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. குழந்தைப் பாட்டு ஒன்றின் வரிசைப்படி கொலைகள் நடக்கின்றன. அந்தப் பாட்டு முடிய வேண்டும் என்பதற்காக அந்தக் கிளிப். போலீசின் கணக்கில் அவள் மூன்றாவது ஆள்.

பேப்பரில் படித்த மிஸ் மார்ப்பிள் ரயிலேறி அந்த வீட்டுக்கு வருகிறார். கிளாடிஸ் அனாதை இல்லத்திலிருந்து வந்தவள், மந்தமானவள், அழகில்லாதவள், யாராவது தன்னை விரும்ப மாட்டார்களா என்று ஏங்கியவள். மேசையில் பரிமாறவும் வெள்ளிப் பாத்திரம் துடைக்கவும் அவளைப் பழக்கியது மிஸ் மார்ப்பிள். அவளைக் கொன்றதோடு நில்லாமல் மூக்கில் கிளிப் மாட்டி அவமானப்படுத்தியிருக்கிறார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் நீலிடம் அதை அப்படியே சொல்கிறார். கொலைகாரனின் திட்டத்தில் கிளாடிஸ் ஒரு கருவி, குடும்பத்தாருக்கு ஒரு தொந்தரவு. அந்த வீட்டுக்குள் அவளுக்காக மட்டும் வந்தவர் இவர் ஒருவரே. அவளுடைய ஆசைகள் என்ன, யார் சிரித்துப் பேசினால் அவள் எதையும் செய்வாள் என்பது தெரிந்ததால்தான் முழு வழக்கும் அவிழ்கிறது.

வேலை முடிந்து வீடு திரும்பியபோது அவருக்கு ஒரு கடிதம் காத்திருக்கிறது. சாவதற்கு முன் கிளாடிஸ் எழுதியது. எழுத்துப்பிழைகள் நிறைந்த கடிதம், கூடவே அவளும் அவளைக் காதலிப்பதாகச் சொன்னவனும் சேர்ந்து நிற்கும் ஒரு போட்டோ. போலீசுக்குத் தேவையான ஆதாரம் அதில் இருக்கிறது. மிஸ் மார்ப்பிள் முதலில் அழுகிறார், பிறகு கோபப்படுகிறார், பிறகு வெற்றியின் நிறைவு வருகிறது. கிறிஸ்டி இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதுகிறார், ஒன்றையும் மறைக்கவில்லை. பயம் வந்த நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்வது என்று கேட்டு எழுதியது போலீசுக்கோ எஜமானருக்கோ இல்லை. பரிமாறக் கற்றுக்கொடுத்த கிழவிக்கு.